லயத்தைக் காலி செய்கிறோம்: பரணில் கிடக்கும் மருந்துப் போத்தல்களை என்ன செய்வது?

பொகவந்தலாவை மகள்

எல்லாருக்கும் வணக்கம். 7 பேர்ச் காணியில் கட்டித் தந்த வீட்டின் சாவி போன மாதம் எங்கள் கைக்கு வந்தது. தாத்தா காலத்திலிருந்து இருந்த தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயக் காம்பராவைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். துணிமணி, பாத்திரம், சாமிப் படம் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. மிஞ்சியது பரண்தான்.

பரணிலிருந்து இறக்கியவற்றைச் சொல்கிறேன். லேபல் பாதி கிழிந்த ஒரு பழைய களைகொல்லிப் போத்தல், உள்ளே கரும்பச்சையாக அரைவாசி இருக்கிறது. 2021இல் இனி இரசாயன உரமும் மருந்தும் நாட்டுக்குள் வராது என்று அரசாங்கம் சொன்னபோது அப்பா வாங்கி ஒளித்து வைத்த கிளைபோசேட் களைகொல்லி கேன் 2, இரண்டுமே 2023இல் காலாவதி. ஒரு சோடாப் போத்தலில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று, என்னவென்று வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. எலி மருந்துப் பொட்டலம். அரை டின் பெயின்ட், கொஞ்சம் தின்னர். கிணற்றுக்குப் போடும் குளோரின் பவுடர் கட்டிபட்ட நிலையில். எரியாத சிஎப்எல் பல்பு 3. பால்மா டின் நிறையத் தீர்ந்த டோர்ச் பெட்டரி. அப்புறம், இறந்துபோன பாட்டியின் பிரஷர், சீனி மாத்திரைகள் ஒரு பை.

"மழை கொட்டும்போது கானில் ஊற்றிவிடு, ஒரு நிமிஷத்தில் போய்விடும்" என்கிறார் அப்பா. அந்த வடிகால் கான் கீழ் லயத்துத் தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தால்தான் இறங்குகிறது. 12 குடும்பம் அங்கே குளிக்கிறது, குடிக்கவும் பிடிக்கிறது. நான் போத்தலைக் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

கந்தப்பளை விவசாயி

தங்கச்சி, கானில் ஊற்றாமல் விட்டது நல்லது. ஆனால் இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. நாங்கள் மரக்கறித் தோட்டம் செய்கிறவர்கள், வருஷம் பூராவும் மருந்தடிக்கிறோம். வெற்றுப் போத்தலை அடுப்பில் போட்டு எரிப்போம். மிச்ச மருந்தைத் தோட்டத்து மூலையில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைப்போம். என் அப்பாவும் அப்படித்தான் செய்தார். மண்ணுக்குள் போனால் மண்ணோடு போய்விடும்.

அட்டன் டீச்சர்

நான் உயர்தரத்துக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். கந்தப்பளை அண்ணன் அனுபவம் உள்ளவர், மரியாதையோடு சொல்கிறேன்: எரிப்பதும் புதைப்பதும் இரண்டுமே வேண்டாம்.

முதலில் எரிப்பது. புத்தளத்துச் சீமெந்துச் சூளையில் இப்படிப்பட்ட கழிவுகளை எரிக்கிறார்கள் என்பது உண்மை. அங்கே சீமெந்துக் கட்டி உருவாகும் இடத்தில் வெப்பம் 1450 பாகை செல்சியஸ் அளவுக்குப் போகிறது, புகையும் கண்காணிக்கப்படுகிறது. நம் குசினி அடுப்பு அந்தச் சூட்டில் பாதியைத் தொட்டால் பெரிய விஷயம். அரைகுறையாக எரியும் பிளாஸ்டிக்கும் மருந்தும் சேர்ந்து டயொக்சின் போன்ற நச்சுப் புகையைக் கிளப்பும். லயத்தில் ஒரு வீட்டுப் புகை பத்து வீட்டுக்கும் போகும். பிள்ளைகளும் கிழவர்களும் அதைத்தான் சுவாசிப்பார்கள். நுளம்பு மருந்து ஸ்பிரே டின்னை நெருப்பில் போட்டால் வெடிக்கவே செய்யும்.

அடுத்து புதைப்பது. சமதரையில் புதைத்தாலே நிலத்தடி நீருக்கு ஆபத்து. நமக்கோ சரிவு. மேலே புதைப்பது கீழே ஊற்றாகக் கசியும். மண்ணே ஒரு இடத்தில் நிற்காத ஊர் இது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் என்ன நடந்தது என்று நம்மில் யாரும் மறக்கவில்லை. ஒரு மலைச் சரிவே லயங்களோடு இறங்கி வந்த இடத்தில், நாம் புதைத்த போத்தல் புதைத்த இடத்திலேயே இருக்கும் என்று எப்படி நம்புவது?

தங்கச்சிக்கு இப்போது மிக அவசரமான ஒன்று: எதையும் எதோடும் கலக்க வேண்டாம். இடத்தை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றிவிடுவோம் என்று தோன்றும். குளோரின் பவுடர் அல்லது பிளீச்சோடு கழிப்பறை கழுவும் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அமோனியா உள்ள பொருளோடு சேர்ந்தால் குளோரமின் வரும். சிறுநீர் தேங்கிய கழிப்பறையில் பிளீச்சைக் கொட்டினாலே மூக்கு எரிவது அதனால்தான். கட்டிபட்ட அந்தக் குளோரின் பவுடரைத் தின்னர், மண்ணெண்ணெய், பெயின்ட் பக்கத்தில் வைக்கவே கூடாது, தீப்பிடிக்கக்கூடும். எலி மருந்துப் பொட்டலத்தில் சிங்க் பொஸ்பைட் என்று இருந்தால் ஈரம் படாமல் வைத்திருங்கள். ஈரமும் அமிலமும் பட்டால் பொஸ்பின் என்ற மோசமான வாயுவை விடும்.

தலவாக்கலை தம்பி

டீச்சர் சொன்ன குளோரின் கதை எங்கள் வீட்டில் நடந்தது. அம்மா ஒரு தீபாவளிக்கு முந்தின நாள், நன்றாக வெளுக்கட்டும் என்று கழிப்பறையில் பிளீச்சையும் அமிலத்தையும் சேர்த்து ஊற்றிவிட்டார். கதவு சாத்தியிருந்தது, ஜன்னலும் இல்லாத சின்ன அறை. இருமிக்கொண்டே வெளியே வந்து இஸ்தோப்பில் விழுந்தார். நாங்கள் மாரடைப்பு என்று நினைத்துவிட்டோம். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு மாதக் கணக்கில் படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கியது. "இரண்டுமே கழுவுகிற சாமான்தானே, சேர்த்தால் என்ன" என்று அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. யாரும் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை, எங்களுக்கும் தெரியாது.

டிஸ்பென்சரி ஐயா

தோட்டத்து டிஸ்பென்சரிகளில் 31 வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். மகளே, நீ சொன்ன பட்டியலில் எனக்குப் பயம் தருவது அந்தப் பச்சைப் போத்தலும் சோடாப் போத்தலும்.

பச்சைப் போத்தல் பராகுவாட்டாக இருக்கலாம். நாங்கள் கிரமொக்சோன் என்று சொல்லிப் பழகிய மருந்து. 2008இலிருந்து படிப்படியாகக் குறைத்து 2011க்குள் இலங்கையில் நிறுத்தினார்கள். காரணம், அதைக் குடித்தவரைக் காப்பாற்ற மாற்று மருந்தே இல்லை. ஒரு வாய் போனாலும் நுரையீரலைக் கெடுத்துவிடும். முதல் நாள் ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், அதைப் பார்த்து வீட்டார் நிம்மதியாகிவிடுவார்கள். நான் அப்படிப்பட்ட வீடுகளுக்குப் போயிருக்கிறேன், அதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை. அந்தப் போத்தலைத் திறக்காதே, முகராதே, வேறு போத்தலுக்கு மாற்றாதே. கையுறை போட்டு நிமிர்த்தி வைத்து, மூடி இறுக்கமா என்று மட்டும் பார். தோலில் பட்டால் உடுப்பைக் கழற்றிவிட்டுச் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவு. கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிக்கொண்டே இரு, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போ.

சோடாப் போத்தல் விஷயம். என் வேலைக் காலத்தில் பிள்ளைகளை அதிகம் கொண்டு வந்தது மண்ணெண்ணெய்க்காகத்தான். எல்லாம் ஒரே கதை: சோடாப் போத்தல், தாகம், தண்ணீர் என்று நினைத்து ஒரு மிடறு. கொண்டு வருகிற தாய் வழியிலேயே விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்திருப்பாள், நல்லது செய்வதாக நினைத்து. மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வயிற்றில் இருப்பதைவிட, வாந்தியோடு நுரையீரலுக்குள் போவதுதான் கொல்லும். நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், போத்தலையும் கையோடு கொண்டுபோக வேண்டும். 1990க்கு அடித்தால் சுவசரிய அம்பியுலன்ஸ் வரும், காசு இல்லை. என்ன விஷம், என்ன செய்வது என்று டொக்டர்மாரும் கேட்கிற இடம் ஒன்று உண்டு, கொழும்பு தேசிய வைத்தியசாலையில் உள்ள தேசிய நஞ்சுத் தகவல் நிலையம்.

அப்பாவோடு சண்டை பிடிக்காதே. அவர் காலத்தில் மருந்தடித்தவர்களுக்குக் கையுறை கூடக் கொடுத்ததில்லை. வெறுங்காலோடு மலை ஏறி அடித்தார்கள். மருந்துக்குப் பயப்பட அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

பொகவந்தலாவை மகள்

ஐயா, உங்கள் பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிப் பந்தியில் எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு வந்து, சோடாப் போத்தலை அவரே தம்பி மகனுக்கு எட்டாத இடத்தில் எடுத்து வைத்தார்.

நாவலப்பிட்டி ஓட்டோ

ஓட்டோ பெட்டரி இருந்தால் கவலை வேண்டாம், பெட்டரிக் கடைகளில் பழையதைக் காசுக்கே எடுப்பார்கள். ஈயம் விலை போகும். ஆனால் எங்கள் பக்கம் சிலர் பாரம் குறைய உள்ளே இருக்கும் அசிட்டைக் கானில் கவிழ்த்துவிட்டுக் கொண்டு போகிறார்கள். அது வேண்டாம். அசிட்டோடு, நிமிர்த்தியபடியே கொண்டு போங்கள். பழைய எஞ்சின் ஒயிலும் அப்படித்தான், கேனில் சேர்த்துக் கராஜில் கொடுங்கள். கரையான் வராமல் வேலிக் கட்டைக்குப் பூசுகிறோம் என்று சொல்வார்கள், மழையோடு அதுவும் கானுக்குத்தான் வரும்.

டோர்ச் பெட்டரியை என்ன செய்வது என்று எனக்கும் தெரிய வேண்டும்.

அட்டன் டீச்சர்

தம்பி, தீர்ந்த டோர்ச் பெட்டரியை உடைக்கவோ அடுப்பில் போடவோ வேண்டாம். அடுப்பில் போட்டால் புகைபோக்கி சுத்தமாகும் என்று எங்கள் பாட்டியும் சொல்வார், நாங்கள் சுவாசித்ததுதான் மிச்சம். ஈரமில்லாத பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வையுங்கள். லிதியம் பெட்டரி, பழைய போன் பெட்டரி என்றால் முனைகளில் டேப் ஒட்டுங்கள், ஒன்றோடொன்று உரசினால் சூடேறும். மின்கழிவு எடுக்க மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் அனுமதி பெற்றவர்கள் இருக்கிறார்கள். சேகரிப்பு நாள் வைக்கும்போது பெட்டரியையும் எடுக்கிறார்களா என்று கேட்டுக் கொடுங்கள்.

சிஎப்எல் பல்பில் பாதரசம் உண்டு, சில மில்லிகிராம்தான். ஆனாலும் உடைக்காமல் அட்டைப் பெட்டியில் வைத்து மின்கழிவோடு கொடுங்கள். உடைந்துவிட்டால் எல்லாரும் அறையை விட்டு வெளியே வந்து ஜன்னல் கதவைத் திறந்து 10, 15 நிமிஷம் விடுங்கள். விளக்குமாற்றால் கூட்டக் கூடாது, தூளாகப் பரவும். தடித்த அட்டையால் அள்ளி, மிச்சத்தை ஒட்டும் டேப்பால் ஒற்றி, மூடியுள்ள போத்தலில் போடுங்கள்.

பாட்டியின் மாத்திரைகளுக்கு நம்மூரில் நல்ல வழி உண்டு. கவரிலிருந்து பிரித்து, ஈரத் தேயிலைச் சக்கையோடு பிசைந்து, இறுகக் கட்டிக் குப்பையோடு போடுங்கள். யாரும் எடுத்துச் சாப்பிட மாட்டார்கள், நாயும் தொடாது. அதற்கு முன் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் திருப்பி எடுப்பார்களா என்று ஒரு தடவை கேளுங்கள்.

பெயின்ட் தண்ணீரில் கரையும் வகை என்றால் மூடியைத் திறந்து, அடுப்புச் சாம்பலோ மரத்தூளோ போட்டுக் கிளறி, கல்லாக இறுகிய பிறகு குப்பைக்குப் போடலாம். தின்னரை அப்படிச் செய்ய முடியாது. மூடி வைத்து அண்டையில் பெயின்ட் அடிக்கிறவருக்குக் கொடுங்கள், அவருக்கு அது சாமான்.

வத்தளையில் இருந்து

நான் பிறந்தது மஸ்கெலியாவில், இப்போது வத்தளையில் இருக்கிறேன். கானில் ஊற்றினால் ஒரு நிமிஷத்தில் போய்விடும் என்று அப்பா சொன்னதை வாசித்ததும் எனக்குச் சுருக்கென்றது. போவது எங்கே என்று சொல்கிறேன். பொகவந்தலாவைத் தண்ணீர் கெசல்கமுவ ஓயா என்ற ஆற்றில் இறங்கிக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. மஸ்கெலியா தண்ணீர் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு வருகிறது. இரண்டும் கீழே கூடித்தான் களனி கங்கை. அம்பத்தலையில் அந்த ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்துத்தான் கொழும்புக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். ஒரு போத்தல் இங்கே வந்து சேரும்போது எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டால், தெரியவே தெரியாத அளவுதான். ஆனால் அதற்கு முன்னால் அது கடக்கிற முதல் பீலி, முதல் மீன், முதலில் தண்ணீர் பிடிக்கிற ஆள் எல்லாம் நம்முடைய ஆட்கள்தான். தேயிலைக்கு அடித்து அடித்தே அவர்கள் உடம்பில் போனது போதாதா?

தலவாக்கலை தம்பி

எங்கள் பக்கம் கொத்மலை ஓயா, அக்கா. மேல் கொத்மலை, கொத்மலை நீர்த்தேக்கங்கள், பிறகு மகாவலி கங்கை. பொல்கொல்லையில் திருப்பிச் சுரங்கத்தால் கலாவாவிக் குளம் வரைக்கும் அனுப்புகிறார்கள். அனுராதபுரத்து வயலுக்கும் நம் கான்தான் தொடக்கம்.

கந்தப்பளை விவசாயி

டீச்சர் சொன்னதில் புதைப்பது பற்றி இரண்டு நாளாக யோசித்தேன். எங்கள் கிணறு நான் குழி வெட்டிய மூலைக்குக் கீழே 40 அடியில் இருக்கிறது. இதுவரை அதை அப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை. இனிமேல் புதைக்க மாட்டேன்.

ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். எரிக்காதே, புதைக்காதே, ஊற்றாதே, சரி. அப்படியானால் யாரிடம் கொடுக்க? எங்கள் ஊருக்கு இந்தச் சாமானை எடுக்க ஒரு லொறியும் வந்ததில்லை. வீட்டிலேயே வைத்திரு என்பதும் பதில் இல்லை, பிள்ளைகள் இருக்கிற வீடு.

சபை ஊழியன்

நான் ஒரு பிரதேச சபையில் வேலை செய்கிறேன், எது என்று சொல்லவில்லை. கந்தப்பளை அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி.

இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டக் காணிக்குள் சபை செலவு செய்ய அது தடையாக நின்றது. வரியும் வாக்கும் நமது, குப்பை வண்டி மட்டும் தோட்ட எல்லையில் நிற்கும். 2018இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அதனால் இன்று சபை தோட்டத்துக்குள் வர முடியாது என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டாம். வண்டி இல்லை, ஆள் இல்லை என்பது வேறு காரணம், அதை எழுத்தில் கேளுங்கள். ஒரு வீடு கேட்டால் கடதாசி கோப்புக்குள் போகும். தோட்டத்தின் ஒரு பிரிவு, ஒரு டிவிஷன் முழுதும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு, எத்தனை போத்தல், எத்தனை பல்பு என்று எண்ணிக்கையோடு கொடுத்தால் ஒரு நாளுக்கு வண்டி கேட்க எங்களுக்கும் காரணம் கிடைக்கும். பிரதி ஒன்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் கொடுங்கள்.

மருந்துகளுக்கு விவசாயப் போதனாசிரியரைக் கேட்கலாம், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அடித்து வழி கேளுங்கள். தடை செய்த பழைய மருந்து என்றால் பேராதனை கெட்டம்பேயில் இருக்கும் பூச்சிகொல்லிப் பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். தோட்டத்து மருந்து ஸ்டோரில் ஏற்கச் சொல்லி மெனேஜரிடமும் கேட்டுப் பாருங்கள். பூட்டும் பதிவேடும் அங்கே ஏற்கனவே இருக்கின்றன.

குப்பை அள்ளுகிற எங்கள் ஆட்களுக்காகவும் ஒரு வார்த்தை. அவர்கள் பையைக் கையால் அமுக்கித்தான் ஏற்றுகிறார்கள். உடைந்த பல்பும் ஊசியும் எலி மருந்தும் வாழைத்தோலோடு ஒரே பையில் வந்தால், முதலில் படுவது அந்தக் கை. போன வருஷம் எங்கள் ஆள் ஒருவரின் முகத்தில் ஏதோ ஒரு கேன் பீறிட்டு அடித்தது. கண் தப்பியது. தனியாகக் கட்டி, மேலே எழுதி வையுங்கள், அது போதும்.

கந்தப்பளை விவசாயி

நன்றி தம்பி. வெற்றுப் போத்தல்களுக்கு நாங்களே செய்யக்கூடியதையும் சொல்லி வைக்கிறேன், விவசாயப் போதனாசிரியர் காட்டியது. முடிந்த போத்தலில் கால்வாசி தண்ணீர் விட்டு மூடி அரை நிமிஷம் குலுக்கி, அந்தத் தண்ணீரை மருந்தடிக்கும் டாங்கிக்குள்ளேயே ஊற்ற வேண்டும். இப்படி 3 தடவை. மருந்தும் வீணாகாது. பிறகு அடியில் ஆணியால் ஓட்டை போட்டுவிட வேண்டும். ஓட்டை போடாவிட்டால் யாராவது மண்ணெண்ணெய்க்கோ தேங்காய் எண்ணெய்க்கோ எடுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டிலேயே ஒரு கேன் தண்ணீர் பிடிக்க இருந்தது. நேற்று வெட்டிப் போட்டேன்.

இன்னொன்று, தேவைக்கு மேல் வாங்கக் கூடாது. 2021இல் நாங்களும் பயத்தில் வாங்கிக் குவித்தோம். பாதி காலாவதியாகிக் கிடக்கிறது.

டிஸ்பென்சரி ஐயா

வண்டி வரும்வரை வைக்கிற விதம் முக்கியம். பூட்டுள்ள பெட்டி, குசினிக்கு வெளியே, வெயிலும் மழையும் படாத இடம். மருந்து தனி, குளோரின் தனி, எரியக்கூடியது தனி. சாவி ஒரு பெரியவரிடம் மட்டும். வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லாத நாட்கள் இருந்தால் அந்தப் பெட்டியும் சாவியும் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டாம், நம்பிக்கையான வேறு இடத்தில் வையுங்கள். இதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். எனக்குத் தெரிந்த சில உயிர்கள் ஒரு பூட்டால் மிஞ்சியவை.

பொகவந்தலாவை மகள்

மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மாத்திரைகளைச் சக்கையோடு பிசைந்து முடித்தேன். பெயின்ட் சாம்பலில் இறுகிவிட்டது. தின்னரைப் புது வீட்டுக்கு நிறம் பூசிய அண்ணன் எடுத்துக்கொண்டார். பல்பும் பெட்டரியும் அட்டன் டவுனில் வைத்த மின்கழிவு நாளில் கொடுத்தாயிற்று. கட்டிபட்ட குளோரினைப் பற்றிப் பரிசோதகரிடம் கேட்டேன். காய்ந்த பிளாஸ்டிக் டப்பாவில் தனியாக வைக்கச் சொன்னார், தானே பார்த்து முடிவு சொல்வதாகவும் சொன்னார்.

கடிதத்தில் எங்கள் டிவிஷனில் 64 வீடு கையெழுத்திட்டது. வீடு வீடாகப் போய் எண்ணியபோதுதான் தெரிந்தது, எங்கள் பரண் ஒன்றும் விசேஷம் இல்லை. 23 வீட்டில் லேபல் இல்லாத போத்தல் இருந்தது. ஒரு பாட்டி கொசுவுக்கு அடிக்கிற மருந்தை மஞ்சள் தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

மெனேஜர் முதலில் முடியாது என்றார். பரிசோதகர் பேசிய பிறகு, வண்டி வரும்வரை மருந்து ஸ்டோரின் ஒரு அலுமாரியை எங்களுக்கு விட்டிருக்கிறார். பதிவேட்டில் எழுதி, சாவி டிஸ்பென்சரியில். பச்சைப் போத்தல் இப்போது அங்கே இருக்கிறது. கெட்டம்பேக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை, அடுத்த கிழமை திரும்பவும் எழுதுவேன். சபையிலிருந்து வண்டி நாள் இன்னும் குறிக்கவில்லை.

சோடாப் போத்தலை அப்பாதான் கொண்டு போனார். போகுமுன் என்னிடம் மார்க்கர் பேனா கேட்டு வாங்கி, வெள்ளைத் துண்டில் "விஷம்" என்று தமிழிலும், பக்கத்து வீட்டு பிள்ளையிடம் கேட்டுச் சிங்களத்திலும் எழுதி ஒட்டினார். எழுத்து கோணலாக இருந்தது. திருப்பி எழுதட்டுமா என்று கேட்டேன், வேண்டாம், வாசிக்க முடிகிறதுதானே என்றார்.

தலவாக்கலை தம்பி

அக்கா, அந்தக் கடிதத்தின் மாதிரியை இங்கே போட முடியுமா? எங்கள் லயத்திலும் கையெழுத்து வாங்கப் போகிறேன். அம்மாவும் என்னோடு வருகிறேன் என்கிறார்.